தம்பி கார் மெக்கானிக் ஆக வேண்டும் என்கிறான்: ஐடிஐயில் சேர்ப்பதா, பட்டறையில் விடுவதா?

லாரிக்காரர் மகன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா 27 வருஷமாகக் காய்கறி லாரி ஓட்டுகிறார். தம்பி இந்த வருஷம் பத்தாவது பாஸ், 341 மார்க். பதினொன்றாம் வகுப்பு வேண்டாம், கார் மெக்கானிக் வேலைதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு பட்டறைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தவன், அவனுடைய ஆசையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெரிந்த பட்டறையில் மூன்று வருஷம் விட்டால் தொழில் தானாகக் கையில் வரும், புத்தகம் எதற்கு என்கிறார் அப்பா. அம்மாவுக்கு ஐடிஐ சர்டிபிகேட் வேண்டும். மாமா ஒரு தனியார் இடத்தைச் சொல்கிறார், ஆறு மாதம், 85,000 ரூபாய், முடித்ததும் வேலை உறுதியாம். அங்கே இன்ஜின் இறக்குவது எல்லாம் கிடையாது, சர்வீஸ், பிரேக், பேட்டரி, ஏசி என்று சின்ன வேலைகள் மட்டும்தான். சின்ன வேலை படித்து வாழ்க்கை ஓடுமா? துறையில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள், சேர்க்கைக்கு நாள் நெருங்கிவிட்டது.

கோவை சர்வீஸ் பே:

தம்பிக்கு வாழ்த்துகள். நான் கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் 13 வருஷமாக டெக்னீஷியன். உங்கள் கடைசிக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஃப்ளோரில் இன்ஜின் இறக்கும் வேலை வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். மீதி எல்லாமே ஆயில் சர்வீஸ், பிரேக் பேட், வீல் பேரிங், கூலன்ட், பேட்டரி, ஏசி கூலிங் இல்லை, முன்பக்கம் கட கட சத்தம், இப்படித்தான். எங்கள் எல்லோருக்கும் சோறு போடுவது நீங்கள் சொல்கிற அந்தச் சின்ன வேலைதான்.

ஆனால் அது சுலபம் என்று நினைத்து உள்ளே வருகிறவர்கள்தான் வண்டியைக் கெடுக்கிறார்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) என்னோடு இருந்த பையன் பிரேக் ஆயில் டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டான். இரண்டும் ஆயில்தானே என்று நினைத்திருக்கிறான். பிரேக்கில் இருக்கிற ரப்பர் சீல்களுக்கு அந்த ஆயில் ஆகாது, ஊறி உப்பிவிடும். பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரத்து சீல் வரைக்கும் மாற்ற வேண்டியதாயிற்று, வண்டி ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக் பிடிக்காமல் போகாதது யார் செய்த புண்ணியமோ. அவனைத் திட்டினார்கள், சம்பளத்தில் பிடித்தார்கள். ஆனால் சேர்ந்த முதல் நாளிலிருந்து அவனிடம் யாருமே இது என்ன ஆயில், இது ஏன் தனி என்று சொல்லித் தரவில்லை, எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதுதான்.

ஆயில் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கிற டிரெய்ன் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்தில் முடுக்குகிறோம் என்று அளக்கிற ஸ்பானர்) வைத்து மேனுவலில் போட்ட அளவுக்கு முடுக்க வேண்டும், நிறைய சின்ன கார்களில் அது சுமார் 35 நியூட்டன் மீட்டர். கையில் பலம் இருக்கிறது என்று இழுத்தால் ஆயில் தேங்குகிற அலுமினியத் தொட்டியில் (சம்ப்) மரை போய்விடும். அப்புறம் எந்த ஆயில் என்ற கேள்வி. பிஎஸ் 6 என்கிற புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் சைலன்சர் லைனில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது, அதற்கென்று சாம்பல் குறைவான ஆயில் தனியாக வருகிறது. கடையில் மலிவாகக் கிடைத்ததை ஊற்றினால் அந்த ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், செலவு பெரிய செலவு. இதெல்லாம் தெரிந்தவனுக்கு வேலை எப்போதும் இருக்கும்.

ஐடிஐ என்பதுதான் என் கருத்து. மோட்டார் வண்டி மெக்கானிக் டிரேடு, எம்எம்வி என்பார்கள், இரண்டு வருஷம்.

முன்னாள் ஹெல்பர்:

கோவைத் தம்பி சொன்னதில் பாதிக்குத்தான் நான் சம்மதிப்பேன். எனக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறது, ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். 14 வயதில் ஹெல்பராக நுழைந்து டீ வாங்கி வந்து, கழட்டிய சாமான்களை டீசலில் கழுவி, இரண்டு வருஷம் கழித்துத்தான் ஸ்பானரைத் தொட்டேன். ஐடிஐ முடித்து வருகிற பையனிடம் கேட்டால் இன்ஜினின் நாலு ஸ்ட்ரோக்கும் ஒப்பிப்பான். பேட்டரியைக் கழட்டு என்றால் பாசிட்டிவ் டெர்மினலில் முதலில் ஸ்பானரை வைப்பான். அந்த ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. மைனஸை முதலில் கழட்டு, மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டு, இது எங்கள் பட்டறையில் முதல் வாரப் பாடம்.

இன்னொன்று, காது. வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே எந்தப் பக்கம் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்குகிற கையில் இருக்கிற ரப்பர்) போயிருக்கிறது என்று சொல்கிற காது புத்தகத்தில் வராது. ஆயிரம் வண்டி பார்த்தால்தான் வரும். அப்பா சொல்வதைத் தட்டாதீர்கள்.

ஐடிஐ வாத்தியார்:

ஐயா, உங்கள் குறை நியாயமானது. நான் அரசு ஐடிஐயில் எம்எம்வி பயிற்றுநர். ஒரு பேட்சில் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள், ஓடுகிற நிலையில் இருக்கிற வண்டி ஒன்றோ இரண்டோதான். ஒரு பையன் கிளட்சைக் கழட்டும்போது மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை. அதனால்தான் ஐடிஐ முடித்ததோடு நிற்காதே, அப்ரண்டிஸ் போ, ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் வேலை பழகு என்று ஒவ்வொரு பையனிடமும் நச்சரிக்கிறேன். அப்ரண்டிஸ் சட்டம் 1961 முதல் இருக்கிறது. 2019ல் திருத்திய விதியில் ஐடிஐ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில்தான் நீங்கள் சொல்கிற காதும் கையும் வருகின்றன, முடித்துத் தேர்வும் எழுதினால் இரண்டாவது சர்டிபிகேட் கிடைக்கிறது.

கேள்வி கேட்ட தம்பிக்கு: செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, பாடப்புத்தகம் எல்லாம் தருகிறோம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன் என்றால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகங்களைத் தயாரிக்கிற நிமி நிறுவனம் நம் கிண்டியில்தான் இருக்கிறது, தமிழிலேயே புத்தகம் போடுகிறார்கள். இங்கிலீஷ் வராது என்று எந்தப் பையனும் ஒதுங்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், பெற்றோர் அடிக்கடி வந்து சண்டை போடுவது இதற்காகத்தான். முதல் சில மாதங்கள் இரும்புத் துண்டை அரத்தால் ராவச் சொல்வோம். கார் படிக்க வந்தவனை ஏன் ராவ விடுகிறீர்கள் என்பார்கள். ராவிய துண்டை வெர்னியரில் அளந்து பார்க்கிறவனுக்குத்தான் 0.02 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று உடம்பில் பதியும். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் இவ்வளவு என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். கண்ணால் பார்த்து இன்னும் ஓடும் என்று சொல்கிறவனை விட மைக்ரோமீட்டரை எடுத்து அளந்து சொல்கிறவனிடம் நான் என் வண்டியை விடுவேன்.

லாரிக்காரர் மகன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா, டீசல் மெக்கானிக் என்று ஒரு வருஷ டிரேடு இருக்கிறதே, ஒரு வருஷம் மிச்சமாகும் என்கிறார் அப்பா. அப்புறம் அந்த 85,000 கோர்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஐடிஐ வாத்தியார்:

டீசல் மெக்கானிக் மோசமான டிரேடு இல்லை, லாரி, ஜெனரேட்டர் பக்கம் போகிறவர்களுக்கு நல்லது. உங்கள் தம்பிக்கு கார் சர்வீஸ் என்றால் எம்எம்வி பொருந்தும், பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், எலக்ட்ரிக்கல் எல்லாம் அதில் அகலமாக வரும். இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். 16 வயதில் மிச்சப்படுத்துகிற ஒரு வருஷத்தால் பெரிதாக எதுவும் வரப்போவதில்லை.

இரண்டாம் வருட மாணவி:

அண்ணா, நான் எம்எம்வி இரண்டாம் வருஷம் படிக்கிறேன், எங்கள் பேட்சில் இரண்டே பெண்கள். உங்கள் தம்பியிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: சுற்றி நின்று பார்க்கும்போது பின்னால் நிற்கக் கூடாது. முதல் வருஷம் நான் ஒதுங்கி நின்றேன், பையன்கள் முன்னால் போய்விடுவார்கள், பல மாதம் நான் நோட்டில் படம் மட்டும்தான் வரைந்தேன். அப்புறம் மதியம் சாப்பிட்டுவிட்டு சீக்கிரமாக ஷெட்டுக்குப் போய், கழட்டி வைத்த பிரேக் டிரம்மை நானே ஒரு தடவை மாட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று மூன்று நாள் தவறாக மாட்டினேன். நாலாவது நாள் சரியாக வந்தது, அதற்கப்புறம் மறக்கவே இல்லை. கழட்டுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், எங்கள் சாரே அப்படித்தான் சொல்வார்.

பொண்ணுங்களும் வரலாம். வீட்டில் யாராவது தயங்கினால் என் பதிலைக் காட்டுங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

தோஹா வாசி:

இங்கே கத்தாரில் வேலைக்கு எடுக்கும்போது முதலில் கேட்பது ஐடிஐ சர்டிபிகேட், அடுத்து இரண்டு மூன்று வருஷ அனுபவக் கடிதம். என்னை விடக் கை சுத்தமாக வேலை செய்கிற நண்பன் ஒருவன், காரைக்குடிப் பக்கம், 15 வருஷப் பட்டறை அனுபவம், காகிதம் எதுவும் இல்லாததால் ஹெல்பர் விசாவில் வந்து பாதிச் சம்பளத்தில் இருக்கிறான். அவன் அளவுக்கு எனக்கு வேலை வராது என்பது எனக்கே தெரியும், ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பின்னால் வெளிநாடு என்ற எண்ணம் வந்தால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவோ, பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாகவோ மட்டும் போகச் சொல்லுங்கள்.

ஓசூர்க்காரன்:

எல்லாம் சரி, இரண்டு வருஷத்தில் எல்லோரும் மின்சார வண்டிக்குப் போய்விட்டால் இவன் என்ன செய்வான்? எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்து மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது.

கோவை சர்வீஸ் பே:

நல்ல கேள்வி. மின்சாரக் காரிலும் பிரேக், டயர், சஸ்பென்ஷன், ஏசி, கூலன்ட், வைப்பர், எல்லாம் இருக்கிறது, ஏன் 12 வோல்ட் பேட்டரி கூட இருக்கிறது, அது டவுன் ஆனால் வண்டி கிளம்பாது. இன்ஜின் ஆயிலும் ஸ்பார்க் பிளக்கும் போய்விடும், மற்ற சின்ன வேலை முழுக்க இருக்கும். மாறுவது ஒன்று, ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். அது பல நூறு வோல்ட் லைன். அதற்கான பயிற்சி எடுத்து, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, அந்த லைனைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேனுவல் சொல்கிற நிமிஷம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும். எலக்ட்ரிக்கலை ஒழுங்காகப் படித்தவனுக்கு இது கஷ்டமே இல்லை. எலக்ட்ரிக்கல் என்றாலே பயந்து ஓடுகிறவர்கள் எங்கள் தலைமுறையில் நிறைய, அவர்களுக்குத்தான் சிக்கல்.

ஒரு வண்டி சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து வந்த சின்ன கார், மூன்று நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுக்காது. வெளியே இரண்டு இடத்தில் இரண்டு புது பேட்டரி போட்டாயிற்று, ஓனருக்கு ஒன்பதாயிரம் போயிற்று. நான் மீட்டரை லைனில் மாட்டி, கதவைப் பூட்டி, கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கட்டும் என்று அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் 0.4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கிறது. 0.05க்குக் கீழே இருக்க வேண்டியது. கணக்குப் போடுங்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர் மணி, 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் படுத்துவிடும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், ஸ்டீரியோ ஃபியூஸில் கரண்ட் இறங்கியது. வெளியில் மாட்டிய ஸ்டீரியோவுக்கு நிரந்தர லைனில் ஆம்ப்ளிஃபயர் வயரைக் கொடுத்திருந்தார்கள். வயரை மாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான். நான் எந்தப் பாகமும் விற்கவில்லை, அந்த ஓனர் இன்று வரை என்னைக் கேட்டுத்தான் வண்டியை விடுகிறார்.

முன்னாள் ஹெல்பர்:

இரண்டு நாளாக இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் காலத்தில் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஜெனரேட்டர்) சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டுவோம். இன்ஜின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது. என் குருநாதர் அப்படித்தான் சொல்லித் தந்தார், நானும் பையன்களுக்கு அப்படியே சொல்லித் தந்தேன். நாலு வருஷம் முன்பு என் பையன் ஒருவன் புது வண்டியில் அதைச் செய்தான், வோல்ட் எகிறி கம்ப்யூட்டர் பெட்டி போயிற்று. நான்தான் காசு கொடுத்தேன். மீட்டரை வைத்திருந்தால் போதும், இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஆகிறது, எதையும் கழட்ட வேண்டாம்.

டீசலிலும் அப்படித்தான். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள ஓடுகிற இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவோம். பழைய பம்ப்பில் அது நடந்தது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற இப்போதைய காமன் ரெயிலில் 1,600 பாருக்கும் மேல் பிரஷர், அந்த நட்டைத் தளர்த்தினால் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம். இதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. தம்பியை ஐடிஐயில் விடுங்கள், சனி ஞாயிறு வேண்டுமானால் ஒரு பட்டறைக்குப் போகட்டும். எந்தப் பட்டறையாக இருந்தாலும் ஒன்றைப் பார்த்துவிட்டு விடுங்கள்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறார்களா, ஸ்டாண்டு வைக்கிறார்களா. ஸ்டாண்டு வைக்காத இடத்தில் உங்கள் தம்பியை விடாதீர்கள். பெட்ரோலில் கை கழுவவும் விடாதீர்கள், என் கைத் தோலைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

லாரிக்காரர் மகன்:

அண்ணே, இதைப் படித்ததும் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். அந்த ஆல்டர்னேட்டர் விஷயம் வந்த இடத்தில் 'நம்ம வண்டியிலயும் இப்படித்தான் பார்ப்பாங்க' என்று மட்டும் சொன்னார்.

நேற்று நானும் தம்பியும் அந்தத் தனியார் இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். சர்டிபிகேட் யார் தருவது என்று கேட்டால் எங்கள் நிறுவனமே தரும் என்கிறார்கள். அப்ரண்டிஸ் உண்டா என்றால் பதில் இல்லை. டார்க் ரெஞ்ச் எங்கே என்று தம்பி கேட்டான், ஆபீஸில் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார் அங்கே இருந்தவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பியே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். திண்டுக்கல் அரசு ஐடிஐக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

லாரிக்காரர் மகன்:

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எம்எம்வி கிடைத்துவிட்டது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், இன்னும் ராவிக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் வாத்தியார் ஐயா சொன்னதைச் சொல்லி வைத்திருந்ததால் சலித்துக்கொள்ளவில்லை. உதவித்தொகைப் பணத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினான். வந்ததும் வராததுமாக அப்பா லாரியில் அளந்திருக்கிறான். 24 வோல்ட் வண்டி, இரண்டு பேட்டரி. ராத்திரி நிறுத்தி வைத்த பிறகு காலையில் ஒன்று 12.6 வோல்ட், இன்னொன்று 12.1. மூன்று நாளும் அதே மாதிரிதான். இரண்டும் ஒரே நாள் வாங்கியவை. அப்பா இரண்டையும் மாற்றிவிடலாம் என்கிறார், தம்பி இருங்கள் கேட்டுவிட்டு மாற்றலாம் என்கிறான்.

ஐடிஐ வாத்தியார்:

தம்பி சரியாக நின்றிருக்கிறான். மாற்ற வேண்டாம், முதலில் டெர்மினலைச் சுத்தம் செய்துவிட்டு ஒன்று பாருங்கள். கேபினில் பாட்டு செட் இருக்கிறதா? அது 12 வோல்ட் செட் என்றால் வயர் எங்கிருந்து வருகிறது? நிறைய லாரிகளில் இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துவிடுவார்கள். அந்த பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்கு மேல் கொதிக்கும். புது பேட்டரி போட்டாலும் அதே கதைதான்.

லாரிக்காரர் மகன்:

ஐயா, செட் வயர் ஒரு பேட்டரியிலிருந்துதான் போகிறது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிளிப் போட்டு எடுத்திருக்கிறார்கள், எத்தனை வருஷமாக என்று அப்பாவுக்கே தெரியவில்லை. 24லிருந்து 12க்கு மாற்றுகிற கன்வெர்ட்டர் வாங்க அவரும் தம்பியும் இப்போதுதான் திண்டுக்கல் கிளம்பிப் போனார்கள்.